ஈடேல் மலைப்பாதையும் இங்கிலாந்தில் ஒரு வாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன் வெளியான இங்கிலாந்துப் பயணக் கட்டுரையை நானும் என் மனைவியும் ஆளுக்கொரு முறை படித்தோம். லண்டன் கோபுரம், பக்கிங்ஹாம் அரண்மனை, ராட்டினம், மெழுகுச் சிலைகள் என்று நான்கு நாளும் தலைநகரிலேயே கழிகிற அந்தத் திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்துடன் இங்கிலாந்து முடிந்துவிட்டது என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. சென்ற மே மாதம் நாங்கள் ஒரு வாரம் அந்நாட்டில் நண்பர்கள் வீடுகளில் தங்கிச் சுற்றி வந்தோம். 34 ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தில் நில அளவராக வேலை பார்த்தவன் என்பதால் என் கண் போன இடமே வேறாக இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும், அங்கே காசு கொடுக்காமல் யாரும் நடந்து போகக்கூடிய வயல்வழிப் பாதைகளைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

எங்களை அழைத்தவர்கள் இருவர். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு ஷெஃபீல்ட் நகரத்துக்கு மருத்துவராகப் போன நண்பர் ஒருவர். என் மனைவியோடு ஆசிரியர் பயிற்சி முடித்து, திருமணமாகி லண்டனின் ஹாரோ பகுதியில் குடியேறிய தோழி மற்றொருவர். "வருகிறோம், வருகிறோம் என்று பத்து வருடமாக ஏய்க்கிறீர்கள்" என்று இருவரும் கோபித்துக்கொண்ட பிறகே நாங்கள் விசாவுக்கு விண்ணப்பித்தோம். விடுதிக் கட்டணம் மிச்சமானதைவிட, காலையில் எழுந்ததும் பேச ஆள் இருந்தது பெரிய லாபம்.

ரயில் கட்டணம் அங்கே நம்மைத் திடுக்கிட வைக்கும் என்பதால் ஒரு தகவலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'டூ டுகெதர் ரெயில்கார்டு' என்று ஓர் அட்டை உண்டு. இரண்டு பேர் பெயரிலும் படத்தோடு ஒரே அட்டையாகக் கொடுப்பார்கள். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை 9.30 மணிக்கு முன் செல்லாது என்பதும், இருவரும் சேர்ந்தே பயணம் செய்தால்தான் செல்லும் என்பதும் நிபந்தனைகள். மனஸ்தாபத்தில் ஆளுக்கொரு வண்டியில் ஏறினால் சலுகை போய்விடும் என்பதை என் மனைவி வாரம் முழுவதும் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தார். அறுபது வயது கடந்தவர்கள் தனித்தனியே மூத்தோர் அட்டையும் வாங்கலாம். அதற்கு அந்நாட்டுக் குடியுரிமை தேவையில்லை.

முதல் இரண்டு நாள் லண்டன். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே அமராவதிச் சிற்பங்களின் முன்னால் அரை நாள் நின்றோம். அவற்றைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் வேறு பக்கம் போய்விடும். கிரீன்விச் மட்டும் என் தொழிலோடு சேர்ந்தது. 1675இல் தொடங்கப்பட்ட வானாய்வகத்தின் உச்சியில் ஒரு கம்பத்தில் பெரிய சிவப்புப் பந்து இருக்கிறது. பகல் 12.55க்கு அது பாதிக் கம்பம் ஏறும், 12.58க்கு உச்சியைத் தொடும், சரியாக ஒரு மணிக்கு விழும். தேம்ஸ் ஆற்றில் நின்ற கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதற்காக 1833இல் ஏற்படுத்தியது. இன்று எந்தக் கப்பலுக்கும் அது தேவையில்லை என்றாலும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. 1884ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாட்டில் உலகத்துக்கெல்லாம் பூச்சியத் தீர்க்கக் கோடாக ஏற்கப்பட்ட கோட்டின் இருபுறமும் கால் வைத்துப் படம் எடுக்க நீண்ட வரிசை நின்றது. கைப்பேசியில் பார்த்தால் பூச்சியம் அந்தக் கோட்டில் காட்டாது. கிழக்கே சுமார் 102 மீட்டர் தள்ளிப் பூங்காவுக்குள் காட்டும், ஏனென்றால் செயற்கைக்கோள் அளவை பூமியின் நிறை மையத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. இதை வரிசையில் நின்ற ஒருவரிடம் சொல்லப் போய், என் மனைவி கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஹோவ் என்ற கடற்கரை ஊர். பிரைட்டனை ஒட்டிய அந்த ஊருக்கு எல்லோரும் கடலுக்காகப் போகிறார்கள். நாங்கள் செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்காகப் போனோம். ஜார்ஜ் எவரெஸ்ட் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1802இல் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே, அளவைக்கு அடிப்படையான நேர்கோட்டை (அடிக்கோடு) அளந்து வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய, இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் முக்கோண அளவையை, குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை கொண்டுசேர்த்து முடித்தவர் எவரெஸ்ட். மலைக்குத் தம் பெயரை வைக்க வேண்டாம், அந்த நாட்டு மக்கள் வாயில் அது நுழையாது என்று அவரே மறுத்தும் கேளாமல் வைத்துவிட்டார்கள். தஞ்சாவூர்க்காரனாகிய எனக்கு லாம்ப்டன்மேல்தான் கூடுதல் பிரியம். 1808இல் கோணம் அளக்க உதவும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கியது. அதைத் தாமே பிரித்துத் தட்டிச் சீராக்கி வேலையைத் தொடர்ந்தார் அவர். யார்க்ஷயரில் பிறந்த அந்த மனிதர் மகாராஷ்டிரத்தில் ஹிங்கன்காட் என்ற ஊரில் மண்ணாகிக் கிடக்கிறார். எவரெஸ்ட் கல்லறையின்முன் நாங்கள் நின்ற கால் மணி நேரத்தில் வேறு யாரும் அங்கே வரவில்லை.

நான்காம் நாள் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் ஏறி இரண்டு மணி நேரத்தில் ஷெஃபீல்ட் சேர்ந்தோம். நண்பர் வீட்டில் அன்று இரவு பழங்கதையும் வத்தக்குழம்புமாகப் போயிற்று. அவர் ஓய்வுபெற்றபின் ஊர் திரும்பாமல் அங்கேயே இருந்துவிட்டதற்குப் பிள்ளைகள் ஒரு காரணம், முழங்கால் ஒத்துழைக்கிறவரை மலையில் நடக்கலாம் என்பது மற்றொரு காரணம் என்றார். இரண்டாவது காரணத்தை நான் அப்போது நம்பவில்லை. மறுநாள் காலை அவர் மேசைமேல் விரித்த வரைபடத்தைப் பார்த்தபோது கொஞ்சம் நம்பினேன். அது ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு அளவைத் துறையின் 1:25,000 அளவுகோல் வரைபடம். ஆரஞ்சு நிற அட்டையோடு சாதாரணப் புத்தகக் கடையில் விற்கிறது. ஒவ்வொரு வயலின் வேலியும், ஒவ்வொரு ஓடையும், ஒவ்வொரு தனி வீடும் அதில் இருக்கின்றன. அவற்றின் ஊடே, தனியார் நிலம் என்றும் பாராமல், பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போகிற கோடுகள். "இதெல்லாம் நீயும் நானும் நடக்கலாம். யாரும் ஏன் என்று கேட்க முடியாது" என்றார் நண்பர்.

ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் ஹோப் பள்ளத்தாக்கு ரயிலில் ஏறினால், ஐந்தரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் டோட்லி சுரங்கத்தின் இருட்டைக் கடந்து, சற்று நேரத்தில் ஈடேல் என்ற சிற்றூரில் இறங்கலாம். பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற இந்தப் பகுதி 1951இல் இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்கா என்றவுடன் நாம் புலியையும் வனத்துறைச் சோதனைச் சாவடியையும் நினைப்போம். அங்கே பூங்காவுக்குள்ளேயே ஊர்கள், பண்ணைகள், பட்டா நிலங்கள் எல்லாம் இருக்கின்றன. நிலையத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு மரக்கம்பம், அதில் 'பொது நடைபாதை' என்று எழுதிய ஒற்றைக் கைகாட்டிப் பலகை. அது காட்டிய திசையில் பார்த்தால் ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலம், அதில் குட்டிகளோடு நூற்றுக்கும் குறையாத ஆடுகள். என் மனைவி தயங்கி நின்றுவிட்டார். பிறர் வேலிக்குள் கேளாமல் நுழைவது எங்கள் வழக்கம் இல்லை.

வேலியில் இருந்த அமைப்பைச் சற்று விவரிக்க வேண்டும். அரைவட்டமாக வளைத்த ஒரு சட்டத்துக்குள் சிறு கதவு ஒன்று ஊசலாடுகிறது. கதவை ஒருபுறம் தள்ளி அரைவட்டத்துக்குள் ஒதுங்கி நின்று, கதவை மறுபுறம் விட்டு வெளியேற வேண்டும். ஆள் நுழையலாம், ஆடு நுழைய முடியாது. கதவைச் சாத்த மறந்துபோவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த வயலில் கற்சுவரின் இருபுறமும் ஏறி இறங்கப் பலகைப் படி வைத்திருந்தார்கள். புடவையோடும் முழங்கால் வலியோடும் என் மனைவி அதை ஏறியது தனிக்கதை. ஊசி ஊசியாக மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. ஆனால் வயலுக்கு வயல் ஒரு மஞ்சள் அம்புக்குறி இருந்தது. எந்த இடத்திலும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பாதை ஹாலின்ஸ் கிராஸ் என்ற மலைமுகட்டுக் கணவாய்க்கு ஏறுகிறது. அங்கே மூச்சு வாங்க உட்கார்ந்தபோது நண்பர் சொன்னதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. 17ஆம் நூற்றாண்டில் ஈடேலுக்கென்று ஒரு தேவாலயம் வரும்வரை, அவ்வூரில் இறந்தவர்களை இந்த முகட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து ஹோப் ஊர்த் தேவாலயத்துக்குத்தான் அடக்கம் செய்யச் சுமந்து போனார்களாம். பனிக்காலத்திலும் அதே ஏற்றம்தான். பிறகு ஈடேலில் பஞ்சாலை வந்தபோது காசில்டன் பக்கத்துத் தொழிலாளர்கள் இதே வழியாக ஏறி இறங்கி வேலைக்கு வந்தார்கள். இப்போது பிணமும் வருவதில்லை, ஆலைத் தொழிலாளியும் வருவதில்லை. பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. "நம்ம ஊர்ல பாடை போற வழி மாதிரிதானேங்க இது" என்றார் என் மனைவி.

அவர் சொன்னதன் பொருள் டெல்டாவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். என் பணிக்காலத்தில் பாபநாசம் வட்டாரத்து ஊர் ஒன்றில், சம்பாப் பயிர் பால் பிடித்து நின்ற நேரத்தில், சுடுகாட்டுக்குப் பாடையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கியவர்களை நிலத்துக்காரர் மறித்துவிட்டார். காவல்துறையும் வட்டாட்சியரும் வந்த பிறகு, நிலம் அளக்கும் சங்கிலியோடு என்னை அழைத்தார்கள். நில அளவைத் துறையின் வயல் வரைபடமான புலப்படத்தில் பாதை தெளிவாக இருந்தது. தரையில் இருந்ததோ ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற வரப்பு. அளவுக் கற்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை. பிணத்தை வாய்க்கால் கரையில் இறக்கி வைத்துவிட்டு உறவினர்கள் காத்திருக்க, நான் மூன்று எல்லைகள் கூடுமிடத்தில் நடும் முச்சந்திக் கல்லைத் தேடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலை இன்றும் மறக்க முடியவில்லை. அளந்து கல் நட்டோம். இரண்டு ஆண்டுகளில் கல் மறுபடியும் காணாமல் போயிற்று. பல ஊர்களில் இந்த வழக்கோடு சாதியும் சேர்ந்துகொள்ளும். அப்போது அளவுகோல் மட்டும் போதாது.

அங்கே இது எப்படி நடக்கிறது என்று நண்பரைத் துருவித் துருவிக் கேட்டேன். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற அணுகலுக்குமான சட்டம் வந்தபோது, ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லைக்குட்பட்ட பொதுப் பாதைகள் எல்லாவற்றையும் ஒரு முடிவான வரைபடத்தில் பதிய வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்த வரைபடத்தில் ஏறிய பாதைக்கு வேறு சான்று கேட்க முடியாது, அதுவே சான்று. இருபது ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையோடு மக்கள் நடந்த வழி என்று காட்டினால், புதிதாகவும் ஒரு பாதையைப் பதிவு செய்யக் கோரலாம். வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழலாம். ஆனால் 14 நாட்களுக்குள் அதை மீண்டும் நடக்கும்படி ஆக்கித் தர வேண்டும், பயிர் அதன்மேல் வளரவும் விடக் கூடாது. நிலம் அவருடையது, பட்டா அவருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. இப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் பாதை இருக்கிறது.

இதெல்லாம் நிலக்கிழார்கள் மனமுவந்து கொடுத்தது என்று எண்ணிவிட வேண்டாம். ஈடேலின் வடக்கே தெரிகிற 636 மீட்டர் உயரக் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில், 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று, பென்னி ரோத்மன் என்ற இளைஞரின் தலைமையில் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்காகப் பொதுமக்களை அடைத்துவைத்த நிலம் அது. பிரபுவின் வேட்டைநிலக் காவலாளிகளோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த நிலத்துக்கு அப்போது உரிமையாளராயிருந்த டெவன்ஷயர் கோமகனின் பேரன், அதே பட்டத்தில் இருந்தவர், 70 ஆண்டுகள் கழித்து 2002இல் பொதுமேடையில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலைமேடுகளில் பாதையை விட்டு விலகியும் உலாவலாம் என்று வந்திருக்கிறது. ஆனாலும் அந்த உரிமை இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 சதவீதத்துக்குத்தான். அங்கேயும் வேலியடைத்த பாதைகளும் வழக்குகளும் உண்டு. 1935 முதல் நடைப்பயணிகள் சங்கம் ஒன்று இதற்காகவே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. வழக்கு வந்தால் எடுத்து நீட்ட வரைபடம் இருக்கிறது என்பதும், அது கண்முன் கைகாட்டியாக நிற்கிறது என்பதுமே எனக்குப் பெரிதாகப் பட்டது.

முகட்டின் மேலேயே கல் பாவிய வழியாக மேற்கே நடந்து, 517 மீட்டர் உயரமுள்ள மாம் டோர் குன்றை அடைந்தோம். உச்சியில் இடுப்புக்கு மேல் உயரமாக ஒரு கான்கிரீட் தூண். என் மனைவி அதைச் சமாதி என்றே நினைத்தார். நான் கிட்டத்தட்ட ஓடினேன் என்று சொல்ல வேண்டும். 1936இல் தொடங்கிய மறு முக்கோண அளவைக்காக நாடு முழுவதும் எழுப்பிய சுமார் 6,500 தூண்களில் ஒன்று அது. மேல்தளத்தில் பித்தளைத் தகடு, அதில் தியோடலைட்டின் மூன்று கால்களும் இம்மி பிசகாமல் உட்காரும்படி மூன்று பள்ளங்கள். மழைநீர் தேங்கியிருந்த அந்தப் பள்ளங்களை விரலால் துடைத்துப் பார்த்தேன். செயற்கைக்கோள் வந்தபின் இவற்றுக்கு வேலையில்லை. எங்கள் ஊர் அளவுக் கல் மாட்டுக்கொட்டகை வாசலில் துவைகல்லாகக் கிடப்பதைப் பார்த்துப் பழகியவனுக்கு, வேலையற்ற தூணை ஒருவரும் பெயர்க்காமல் விட்டுவைத்திருப்பது வியப்பாக இருந்தது.

இறங்கும் வழியில் மற்றொரு காட்சி. குன்றின் கிழக்குச் சரிவு ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருப்பதால் அதற்கு 'நடுங்கும் மலை' என்று பெயர். அதன் குறுக்கே போட்டிருந்த நெடுஞ்சாலையை எத்தனை முறை செப்பனிட்டும் நிற்காமல், 1979இல் ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டார்கள். தார், ஜல்லி, மறுபடி தார் என்று அடுக்கடுக்காகப் பிளந்து தொங்குகிற அந்தச் சாலைமேல் நடந்து காசில்டன் சேர்ந்தோம். வாகனம் போன வழி அழிந்துவிட்டது. பிணம் போன வழி பிழைத்திருக்கிறது என்று நண்பர் சிரித்தார். திரும்பும் ரயில் ஒன்று ரத்தாகி, ஆளில்லாத நடைமேடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிரில் நின்றதையும் சொல்லிவிடுகிறேன்; அங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் ஒரு கம்பளிச் சட்டை கூடுதலாக எடுத்துப் போகட்டும்.

அடுத்த நாள் சாட்ஸ்வொர்த் மாளிகை. மேலே சொன்ன கோமகன்களின் இருப்பிடம் அதுதான். உள்ளே போகக் கட்டணம் எங்கள் கணக்குக்கு அதிகமாக இருந்ததால், டெர்வென்ட் ஆற்றங்கரையோடு அதன் பூங்காவைக் கடந்து போகிற பாதையில் நடந்தோம். மாளிகை முழுதும் அங்கிருந்தே தெரிகிறது. கொண்டுபோன புளியோதரையை ஆற்றைப் பார்த்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வழியில் போன வயதான தம்பதியர் நின்று, கட்டுச்சோறு என்ன வகை என்று கேட்டு, ஒரு பிடி வாங்கிச் சுவைத்து, காரம் தாளாமல் ஓடினார்கள். ஏழாம் நாள் லண்டன் திரும்பி, தோழி வீட்டில் பெட்டி கட்டினோம்.

நம் புலப்படங்கள் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. அரசு செய்த நல்ல காரியம் அது. ஆனால் படத்தில் உள்ள வண்டிப்பாதையும் சுடுகாட்டுப் பாதையும் தரையில் எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஊர் எல்லையில் ஒரு பலகை கிடையாது. ஊராட்சி ஒன்றியம் மனம் வைத்தால் ஒரு கம்பமும் ஒரு பலகையும் பெரிய செலவல்ல. தங்கள் மாவட்டச் செய்தியாளர்கள் இதைப் பற்றி விசாரித்து எழுதினால், புல எண்களோடு உதவ என்னைப் போல் ஓய்வுபெற்றவர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறோம்.

மற்றபடி, பயணப் பக்கத்தில் இங்கிலாந்தைப் பற்றி அடுத்து எழுதும்போது ஹோப் பள்ளத்தாக்கு ரயிலுக்கும் ஈடேல் முதல் காசில்டன் வரையிலான பாதைக்கும் சில வரிகள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மழைக்கோட்டும் நல்ல அடிப்பாகமுள்ள காலணியும் அவசியம் என்பதையும், முழங்கால் வலி உள்ளவர்கள் பலகைப் படிகளை அவசரமில்லாமல் ஏறினால் போதும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறார் என் மனைவி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.